தேய்ந்த காசும் தெரிந்த பெயரும்

தமிழிலே நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. கையிற் புழங்கும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் ஒருவரை ‘நாணயமான மனிதர்’ எனக் குறிப்பிடும்போது அவர் மடியிலுள்ள பணத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடிய வரலாற்றைச் சொல்லாராய்ச்சியாளர் கவனித்துக்கொள்வர். ஆயின், எழுத்தும் உருவமும் தேய்ந்தழிந்த பழங்காசு ஒன்றைக் கையிலெடுத்து ‘இஃது இன்ன மன்னனுடையது’ எனக் கூற முற்படுபவருக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. காசைப் பற்றிய அறிவு மட்டும் அவருக்குப் போதாது. தாம் கண்டது எது, காண விரும்பியது எது என்பதைப் பிரித்துச் சொல்லும் நேர்மையும் வேண்டும். தேய்ந்த காசுக்குப் பெயரிடுதல் வெறும் நாணயவியற் செயலா, அன்றி ஓர் அறச்செயலுமா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இவ்வினா இன்று புதிதாக வலுப்பெற்றமைக்குக் காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் உரோமக் காசொன்றைக் காண விரும்பியவர் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும்; அல்லது அகழ்வாய்வாளர் ஒருவரின் நட்பைப் பெற்றிருக்க வேண்டும். இன்றோ நல்லூரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே இணைய ஏலத்தில் பங்குகொண்டு, பத்தும் இருபதுமாகக் கட்டி விற்கப்படும் துப்புரவு செய்யப்படாத உரோமச் செப்புக் காசுகளை ஒருவர் வாங்கிவிடலாம். இவற்றுட் பல பால்கன் நாடுகளின் வயல்களிலிருந்து உலோகங்காட்டும் கருவியின் துணைகொண்டு கிளறி எடுக்கப்பட்டவை. எந்த வயல், எவ்வளவு ஆழம், உடன் கிடைத்தவை யாவை என்பன பொதியுடன் வருவதில்லை. வருவன மண்ணும் களிம்பும் மூடிய சில வட்டத் துண்டுகளே.

இத்துண்டுகளை அடையாளங் காணும் முறை பொறுமையைச் சோதிப்பது. அமிலமோ எலுமிச்சைச் சாறோ பட்டால் களிம்புடன் எழுத்தும் கரைந்து போகும். ஆதலின் காய்ச்சி வடித்த நீரில் நாட்கணக்காக ஊறவைத்து, மெல்லிய மரக்குச்சியால் மண்ணை நீக்குவர். பின்னர் எடையும் விட்டமும் குறிக்கப்படும். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய மிகச் சிறிய செப்புக் காசு பெரும்பாலும் பதினான்கு மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமும் ஒரு கிராம் அளவான எடையும் உடையது. அடுத்து, விளக்கைச் சரிவாகப் பிடித்து, நிழல் விழுமாறு காசைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தலையில் இலைமாலையா, முத்துப் பட்டமா என்பது முதற் கேள்வி. கி.பி. 324ஐ அண்டிய காலத்திலிருந்தே பேரரசர் பட்டம் சூடியவராகக் காசுகளிற் காட்டப்பட்டனர். பின்புறத்தில் இரு வீரர் எதிரெதிர் நின்று நடுவே கொடியொன்றோ இரண்டோ இருப்பின், அது 330க்கும் 341க்கும் இடைப்பட்டது. குதிரையிலிருந்து வீழ்பவனை ஈட்டியாற் குத்தும் வீரன் தென்படின், காலம் 348க்கும் 361க்கும் இடையே அமையும். வெற்றித் தேவதை கைதியொருவனை இழுத்துச் செல்லும் காட்சி நான்காம் நூற்றாண்டின் இறுதியைக் காட்டும். காசின் அடிவிளிம்பில் எஞ்சியிருக்கக்கூடிய இரண்டொரு எழுத்துகள் அந்தியோக்கியாவோ, அலெக்சாந்திரியாவோ, கொன்ஸ்தாந்திநோப்பிளோ எனக் காசு அடித்த அக்கசாலையை உணர்த்தும். உரோமப் பேரரசின் காசுகளுக்கு 1923இல் தொடங்கி 1994இல் பத்தாந் தொகுதியோடு நிறைவெய்திய பெரும் பட்டியல் ஒன்று உண்டு. கண்டவற்றை அதனோடு ஒப்பிட்டு நோக்கினால் பெரும்பாலான காசுகளின் இனத்தையாவது கூறிவிடலாம்.

இதுவரை செய்யப்பட்டது யாவும் கண்ணின் தொழில். இதற்கப்பால் நிகழ்வதிலேதான் சிக்கல் உள்ளது. இரு வீரர் நிற்கும் காசையே எடுத்துக்கொள்வோருக்கு ஓர் இடர் நேரும். இவ்வினக் காசுகள் முதலாம் கொன்ஸ்தாந்தீன் பெயரிலும் அவர் மைந்தர் மூவர் பெயரிலும் வெளியாயின. மைந்தர் இரண்டாம் கொன்ஸ்தாந்தீன், இரண்டாம் கொன்ஸ்தாந்தியுஸ், கொன்ஸ்தான்ஸ் என்போர். இலத்தீனில் இந்நால்வர் பெயர்களுக்கும் முதல் ஏழு எழுத்துகள் பொதுவானவை. எட்டாம் எழுத்திலேதான் கடைசி மகன் பிரிகின்றான். கொன்ஸ்தாந்தியுஸ் பிரிவதற்குப் பத்தாம் எழுத்துவரை செல்ல வேண்டும். விரல்பட்டுத் தேய்ந்த காசில் ஏழெழுத்து எஞ்சியிருப்பதே பெரும் பேறு. அங்கே கண் நின்றுவிடுகிறது, மனம் நிற்பதில்லை. எட்டாம் எழுத்தின் இடத்திலுள்ள சிறு கீறலை அது எடுத்துக்கொள்கிறது. நால்வருள் அரியவர் எவரோ அவருடைய எழுத்தாக அக்கீறல் மெல்ல மெல்ல உருமாறுகிறது. விற்பவருக்கு அதனால் விலை கூடும். வாங்கியவருக்குப் பெருமை கூடும். தன்னை இன்னார் எனத் தவறாகச் சொல்லும்போது மறுத்துரைக்கக் காசுக்கு வாயில்லை. மறுக்க இயலாத ஒன்றைப் பற்றிக் கூறும் கூற்றிலேதான் கூறுபவரின் நாணயம் முழுமையாகச் சோதிக்கப்படுகின்றது எனலாம்.

இலங்கையைப் பற்றிய பழைய மேனாட்டுக் குறிப்பொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. முதலாம் நூற்றாண்டினரான பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் இதனைக் கூறுகின்றார். செங்கடற் பகுதியில் வரி தண்டும் உரிமை பெற்றிருந்த அன்னியுஸ் பிளொக்காமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவன், குளோடியுஸ் பேரரசர் காலத்தில் (41–54) காற்றால் அலைப்புண்டு தப்ரபேன் எனப்பட்ட இத்தீவை அடைந்தான். அவனிடமிருந்த உரோமக் காசுகளை மன்னன் பார்த்தான். காசுகளில் இருந்த முகங்கள் வேறு வேறு; ஆகவே அவற்றை அடித்தவர்கள் பலர் என்பது தெளிவு. எனினும் எடை யாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தது. இதனைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்த மன்னன் அந்நாட்டுக்குத் தூதரை அனுப்பினான் என்பது கதை. இதன் ஒவ்வொரு கூறும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பது வேறு விடயம். அன்னியுஸ் பிளொக்காமுஸின் அடிமையொருவன் பெயர் எகிப்தின் கீழைப் பாலைவனத்துப் பாறையொன்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் ஆண்டு கி.பி. 6. கதைக்கு அது சான்றாகிறது. கூடவே, கதை கூறும் காலத்துக்கு மிக முற்பட்டதாகையால் ஐயத்தையும் எழுப்புகிறது.

கதையின் உண்மை எவ்வாறாயினும், அதில் வரும் மன்னன் காசைப் பார்த்த முறை கருதத்தக்கது. முகம் யாருடையது என அவன் கேட்கவில்லை. தராசிலே இட்டான். முகத்தை நம்புவோர்க்கும் எடையை நம்புவோர்க்கும் இடையிலான வேறுபாடு அன்றே தெரிந்திருந்தது. அக்குறிப்பு எழுதப்படுவதற்கு முன்னரே, 64இல், நீரோ வெள்ளித் தெனாரியசின் எடையைக் குறைத்துவிட்டார் என்பதைப் பிளினி இக்கதையோடு சேர்த்துச் சொல்லவில்லை. தென்னிந்தியாவிற் கிடைக்கும் வெள்ளிக்காசுப் புதையல்களில் அகுஸ்துஸ், திபேரியுஸ் ஆகியோரின் எடை குறையாத பழைய காசுகளே மிகுந்து காணப்படுவதை நோக்குமிடத்து, கடல்கடந்த வணிகரும் தராசைக் கைவிடவில்லை என்று கொள்ளலாம்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இற் கண்டெடுக்கப்பட்ட 501 உரோமப் பொற்காசுகள் இன்னொரு செய்தியைத் தருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மீது உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. முலாம் பூசியதா எனச் சோதிக்க வெட்டினரா, காசாகச் செல்லாமற் செய்து பொன்னாக மட்டும் வைத்துக்கொள்ள வெட்டினரா என்பதில் அறிஞர் ஒருமுடிபுக்கு வரவில்லை. எதுவாயினும், முகத்தை அழித்த பின்னும் பொன் பொன்னாகவே இருந்தது. அதனை அழித்தவர் நன்கறிந்தே அழித்தனர்.

இலங்கையின் நிலை இதனின் வேறானது. முற்பட்ட காலத்துப் பொன்னும் வெள்ளியும் இங்கு அரியன. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகளே ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. 1907இல் ஜோன் ஸ்ரில் அவற்றைப் பற்றி எழுதினார். 1924இல் கொட்றிங்டன் தமது இலங்கை நாணய நூலில் அவற்றை ஆராய்ந்தார். இச்செப்புக் காசுகளிற் பெரும்பாலானவை வழுவழுப்பாகத் தேய்ந்தவை. உரோம நாட்டிற் செல்லுபடியாகும் காலம் கழிந்த பின்னரும் அவை இங்கே நெடுநாள் கைமாறியிருக்கின்றன. போதாமை ஏற்பட்டபோது அவற்றைப் போலவே உள்ளூரிலும் காசுகள் அடிக்கப்பட்டன. அவ்வாறு அடித்தவர்களுக்கு இலத்தீன் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறுங் கோடுகளும் புள்ளிகளும் நிற்கின்றன. பேரரசர் தலை ஒரு புடைப்பாகச் சுருங்கிவிட்டது.

இவை கள்ளக் காசுகளா? இணைய ஏலத்தில் இவற்றை வாங்க நேரும் ஒருவர் ‘போலி’ என ஒதுக்கிவிடவே கூடும். கள்ளம் என்பது ஏமாற்றும் எண்ணத்தாலன்றிப் பொருளின் தோற்றத்தால் அமைவதன்று. பட்டப்பகலிற் சந்தைக்கு வந்து, கொடுப்பவரும் கொள்பவரும் அறிந்தே ஏற்ற ஒரு காசு எவரை ஏமாற்றியது? அதன் மேலிருந்த எழுத்தை இருவருமே வாசித்தாரல்லர். வாசிக்க முடியாத எழுத்துத் தாங்கிய செப்புத் துண்டு ஒரு படி நெல்லுக்கோ ஒரு பிடி உப்புக்கோ ஈடாகும் என்ற உடன்பாடே அதன் உண்மை. இன்று பழங்காசு எனச் சொல்லி வார்த்து விற்கப்படும் துண்டு, உருவத்தால் அதனினும் ‘சரியானதாக’ இருப்பினும் பொய்யே. ஒன்று எழுத்திற் பிழைத்துச் சொல்லில் நின்றது. மற்றது எழுத்தில் நின்று சொல்லிற் பிழைத்தது.

தேய்வையும் இவ்வாறே நோக்குதல் தகும். ஏலப் பட்டியல்களில் தேய்வு ஒரு குறையாகவே எழுதப்படும். தேயாத காசு பெரும்பாலும் புதைத்து வைக்கப்பட்டது. அதனை எவரும் பயன்படுத்தவில்லை. தேய்ந்ததோ பல்லாயிரம் கைகள் நம்பி வாங்கி நம்பிக் கொடுத்தது. முகம் அழிந்தமைக்குக் காரணமே அது தன் தொழிலைச் செய்தமைதான். அங்ஙனமாயின், எஞ்சியிருக்கும் பெயரைத் தேடுவோர் காசின் வாழ்க்கையிற் குறைந்த பகுதியையே தேடுகின்றனர் என்று சொல்லவும் இடமுண்டு. இதனை மிகைப்படுத்தலாகாது. பெயரும் ஆண்டும் தெரியாமல் வரலாறு எழுத இயலாது. தேய்வைப் போற்றிக் கவிதை வேண்டுமானால் எழுதலாம்.

நல்லூருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள கந்தரோடை இவ்விடத்திற் கவனத்துக்கு வருகிறது. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த போல் பீரிஸ் 1917 தொடக்கம் அங்கு ஆராய்ந்து 1919வரை தமது முடிபுகளை வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் உரோமக் காசுகளும் இருந்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அவ்விடத்தை அகழ்ந்து மண்ணடுக்குகளை முறையாக ஆராய்ந்தனர். கந்தரோடை மண்ணிலிருந்து அடுக்கு அறிந்து எடுக்கப்பட்ட, முகம் முற்றாக அழிந்த ஒரு செப்புத் துண்டையும், ஏலத்தில் வந்த, கொன்ஸ்தாந்தியுஸின் கண்ணிமைவரை தெரியும் ஒரு காசையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் எது தன்னை அதிகமாக அறிவிக்கின்றது? இரண்டாவதன் பெயர் தெரியும், ஊர் தெரியாது. முதலாவதன் பெயர் தெரியாது. ஆனால் வணிகம் எவ்விடம்வரை வந்தது, எவ்வடுக்கிற் காசு புழங்கியது, அதனோடு எத்தகைய மட்பாண்டம் உடைந்து கிடந்தது என்பவற்றை அது கூறும். பெயரை நாளை சிறந்த கருவியொன்று கண்டறியலாம். இழந்த இடத்தைக் கண்டறியும் கருவி இல்லை.

இடம் எவ்வளவு பேசும் என்பதற்கு நல்லூரிலேயே சான்று உண்டு. ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் படுத்திருக்கும் இடபமும் பொறித்த காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என முன்னர்க் கருதப்பட்டன. நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) அவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்ற கருத்தை வலியுறுத்தி 1920இல் எழுதினார். கொட்றிங்டனும் அவ்வாறே கொண்டார். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை அவ்வரசரின் இருக்கையாக விளங்கிய ஊரிலிருந்துகொண்டு ஒருவர் அவ்வாறு எழுதும்போது, ஊர்ப்பற்று அவ்வாறு வாசிக்கத் தூண்டியது என்று ஐயுறுவோர் இருத்தல் இயல்பே. ஆயின் அம்முடிபு நிலைத்தமைக்கு ஊர்ப்பற்று காரணமன்று. இடபம் அவ்வரசரின் இலச்சினையாக இருந்தமையும், அக்காசுகள் யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பாகங்களிலும் பெருந்தொகையாகக் கிடைத்தமையுமே அதனைத் தாங்கி நிற்கின்றன. விருப்பமும் உண்மையும் ஒரே திசையிற் செல்லும் வேளைகள் உண்டு. அவ்வேளைகளிலும் விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது. அக்காசுகள் எங்கு கிடைத்தன என்ற குறிப்பின்றி வெளிநாட்டு ஏலங்களிற் சிதறிப் போயிருப்பின், அவ்வாதத்தின் ஒரு கால் முறிந்திருக்கும்.

இவ்வூரில் இத்தகைய வாசிப்பு எளிதான விளையாட்டன்று. 1980ஐ ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியிற் கிடைத்த முத்திரையில் மேல்வரிசையிற் சில குறியீடுகளும் கீழ்வரிசையில் மூன்று பிராமி எழுத்துகளும் உள்ளன. அவை ‘கோவேத’ என வாசிக்கப்பட்டன. அச்சொல்லின் பொருளும் மொழியும் பற்றி வேறுபட்ட கருத்துகள் உண்டு. மூன்றெழுத்துக்கு இத்தனை பாரத்தை ஏற்றுவது ஏன் என்று வெளியார் வியக்கலாம். ஒரு மக்கட்கூட்டம் ஒரு மண்ணில் எத்தனை காலம் வாழ்ந்தது என்ற கேள்வி இத்தீவில் ஏட்டோடு நின்றதில்லை. உயிர்களும் நூல்களும் அதற்கு விலையாகியுள்ளன. ஆகவே தேய்ந்த எழுத்தொன்றைத் தமக்குச் சார்பாக வாசிக்கும் ஆசை இங்குள்ள இரு தரப்பாருக்குமே பெரிது. ஏலக்காரரின் ஆசை பணத்தின்பாற்பட்டது. அதனை எளிதில் இனங்காணலாம். இனப்பற்றின் ஆசையோ கடமையின் உடையில் வருவது. ஐயத்துக்குரியதை உறுதியென எழுதும் அறிஞர் தம் மக்களுக்கு உதவுவதாகவே நம்புகிறார். பிறிதொரு நாளில் அவ்வெழுத்து வேறென நிறுவப்படும்போது அதனோடு சேர்த்து, நன்றாகவே வாசிக்கப்பட்ட ஏனைய சான்றுகளும் நம்பிக்கை இழக்கின்றன. அந்த இழப்பை ஏற்பவர் அவரல்லர்.

இவற்றையெல்லாம் கொண்டு, தனியார் எவரும் காசு சேர்த்தலாகாது என முடிவு கட்டுவது நன்றியற்ற செயலாகும். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்தும் மதுரை, திருக்கோவிலூர் ஆகிய இடங்களிலிருந்தும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளைத் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி சேகரித்து, 1994இல் நூலாக வெளியிட்டார். அவர் போன்றோர் கவனித்திராவிடின் அக்காசுகளிற் பல உருக்குப் பானைக்குப் போயிருக்கும். பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தேடிச் செல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அவர் நூலின் பெயரிலேயே மூன்று ஊர்களின் பெயர்கள் இருப்பது தற்செயலன்று. காசுகளை வாங்கியபோது ஊரையும் சேர்த்தே அவர் பேணினார். இணையப் பொதியை வாங்குபவருக்கு அது வாய்ப்பதில்லை. வாங்குவோர் கேளாதவரை விற்போர் சொல்லவும் மாட்டார். கேட்பது வாங்குபவரின் கையிலுள்ளது. விடை வராதவிடத்து வாங்காது விடுவதும் அவர் கையிலுள்ளதே.

இலங்கை மண்ணிலிருந்து வெளிப்படும் காசைப் பொறுத்தவரை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் வழியைச் சொல்லிவிட்டது. கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதியின்றி அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் இயலாது. ஆயின் எந்தச் சட்டமும் கண்ணிற்குக் காவல் வைப்பதில்லை. ‘பெரும்பாலும்’, ‘ஒருகால்’, ‘வாசிக்க இயலவில்லை’ என்னும் சொற்களை எப்போது எழுத வேண்டும் என எந்த விதியும் கூறாது. நேர்மையான அகழ்வறிக்கைகளில் ‘வாசிக்க இயலாதவை’ என்ற தலைப்பின் கீழும் காசுகள் எண்ணப்பட்டு, எடையும் அடுக்கும் குறிக்கப்பட்டு நிற்பதைக் காணலாம். ஏலப் பட்டியலில் அத்தலைப்பு அரிது. தம் பொருளைத் தாமே தெரியாதது என்று சொல்லி விற்பது எந்நாட்டு வணிகருக்கும் வழக்கமன்று.

கந்தரோடையிலும் வல்லிபுரத்திலும் நல்லூரைச் சூழ்ந்த வளவுகளிலும் கிணற்றை ஆழமாக்கும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதோ பச்சைக் களிம்பேறிய சிறு வட்டமொன்று மண்வெட்டியில் தட்டுப்படலாம். அதனைச் சாம்பலிட்டு விளக்கிப் பார்க்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். எந்த வளவு, எத்தனை முழ ஆழம், உடன் கிடந்த ஓட்டின் நிறம் என்ன, எடுத்த நாள் எது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, காசுடன் வைத்து, நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம். மன்னன் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடலாம். அதனை நிரப்ப வருபவருக்கு ஏனைய நான்கும் வேண்டியிருக்கும்.